லெஃப்டினன்ட் சபுரோவின் உயரம்

யூஜின் மரியநாதனுக்கு விமான வேலை கிடைத்ததற்குக் காரணம் அவர் மழையை அளந்ததுதான். போருக்கு முன்னால் ஜொகூரில், குளுவாங் பக்கத்தில் ஒரு விவசாயச் சோதனைத் தோட்டத்தில் அவருக்கு உத்தியோகம். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்க்க வேண்டும், பாரமானியின் ஊசியைப் பார்க்க வேண்டும், இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பதினோரு வருடம் அப்படியே எழுதினார். அந்த மழையை வைத்து யாரும் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

ஜப்பானியர் வந்த மறுவருடம் அந்த நோட்டுப் புத்தகங்கள் அவர்கள் கையில் கிடைத்தன. பதினோரு வருடம் ஒரு மனிதன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எதற்கு என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஆளைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவரை வரச் சொல்லியனுப்பிய இடத்துக்குப் பெயர் விமான உயர ஒழுங்குக் காரியாலயம். விமானத் திடலின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். அதன் தலைமைக் குமாஸ்தா சிவசம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடம் வெள்ளைக்காரனிடம் கோப்பு கட்டியவர். ஆட்சி மாறலாம், ஆபீஸ் மாறக்கூடாது என்பது அவர் கொள்கை. சுவரில் இருந்த மன்னர் படத்தை இறக்கிவிட்டு, அதே ஆணியில் வேறொரு மன்னர் படத்தை மாட்டியிருந்தார். ஆணிக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது.

"இரும் ஐசே. உமக்கு ஊசி பார்க்கத் தெரியும்தானே?" என்றார். யாரைக் கூப்பிட்டாலும் 'ஐசே' என்பது அவர் வெள்ளைக்காரனிடம் பிடித்த பழக்கம்.

"பாரமானி ஊசி பாத்திருக்கேன் சார்."

"அதேதான் இதும். காத்தழுத்தம் குறைஞ்சால் உயரம் கூடும், அவ்வளவுதான். ஒரேயொரு வித்தியாசம். உம்மட ஊசி நிலத்திலை நிண்டது. இது பறக்கும்."

யூஜின் அதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் மாதா கோயிலின் பாடகர் மாடம். அங்கேயே அவருக்குத் தலை சுற்றும்.

"வேணாம்னு சொன்னா என்ன ஆகும் சார்?"

"சயாமிலை ரயில் பாதை போடினம். அங்கை ஒருத்தரும் பறக்கத் தேவையில்லை."

யூஜினின் மச்சான் லூயிஸை இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் லாரியில் ஏற்றி சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அப்புறம் ஒரு வரி கடிதம்கூட இல்லை. யூஜின் கையெழுத்துப் போட்டார். கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அது கையில் இருந்தால் ஆள் பிடிக்க வரும் எந்த லாரியும் நிற்காது என்றார்கள்.

விமானம், பிரிட்டிஷ்காரன் ஓடும்போது விட்டுவிட்டுப் போனது. இரண்டு எஞ்சின். விமானி லெஃப்டினன்ட் ஹிராய், ஒல்லியான மனிதர், சந்தை மலாய் பேசுவார். விமானிக்கும் துணை விமானிக்கும் நடுவில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை அவர் யூஜினுக்குத் தட்டிக் காட்டினார். பெட்டியில் இரண்டு முகப்பு, சில திருகு, பக்கத்தில் ஒரு நெம்பு.

"இனி ஜார்ஜ்," என்றார். மலாயில் 'இது ஜார்ஜ்'. விமானம் தானாக ஓடுவதற்கான கருவி. வெள்ளைக்கார விமானிகள் அதற்கு வைத்த செல்லப் பெயர் அது. நெம்பைத் தள்ளினால் ஜார்ஜ் ஓட்டும். இழுத்தால் மனிதன் ஓட்டலாம். "ஜார்ஜ் தாவ் ஜாலான். திங்கி, தா தாவ்."

வழி தெரியும், உயரம் தெரியாது. அதுதான் சங்கதி. ஜார்ஜ் நேராகப் போகும், சாயாமல் போகும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேயும் போகும். யாராவது உயரமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யூஜின் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் ஒரு தோட்டாப் பெட்டியின்மேல் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டியபடி ஊசியைப் பார்த்தார். நூறு அடி இறங்கினால் ஹிராயின் தோளைத் தட்டுவார். ஹிராய் ஒரு திருகைத் திருப்புவார். ஊசி மேலே வரும். "பாகுஸ்," என்பார் ஹிராய், நல்லது என்று. இவ்வளவுதான் வேலை. அந்த ஒரு மாதம்தான் அந்த விமானம் விமானமாக இருந்தது.

பிறகு படிவம் வந்தது.

காரியாலயத்தின் தலைவர் கேப்டன் ஒகுமுரா. கண்ணாடி போட்டவர், ஒருநாளும் விமானம் ஓட்டாதவர். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். அதில் நாலாவது கட்டம்: 'விமானத்தைச் செலுத்தியவர் யார்?' ஹிராய் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஜார்ஜ் என்று எழுதிவிட்டார்.

ஷோனானில் இருந்த தலைமையகத்திலிருந்து பத்தே நாளில் கடிதம் வந்தது. சிங்கப்பூர் என்ற பெயரை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. 'ஜார்ஜ் என்பது எதிரி மன்னரின் பெயர். எதிரி மன்னர் நம் விமானத்தை எப்போதிலிருந்து ஓட்டுகிறார்?'

ஒகுமுரா அன்று சாப்பிடவில்லை. மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ஜார்ஜ் இனி ஜார்ஜ் இல்லை, சபுரோ. மூன்றாவது மகனுக்கு வைக்கிற பெயர் அது. ஏற்கெனவே இரண்டு விமானிகள் இருக்கிறார்களே.

தலைமையகம் விடவில்லை. 'சபுரோவின் பதவி என்ன? பதவி இல்லாத ஒருவர் ராணுவ விமானத்தை ஓட்டுவது குற்றம்.' சபுரோவைச் சிப்பாயாக்கினார்கள். 'ஒரு சிப்பாய் ஓட்டுகிறார், ஒரு லெஃப்டினன்ட் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா?' சார்ஜெண்ட் ஆக்கினார்கள். 'ஒரு சார்ஜெண்ட் லெஃப்டினன்ட்டைச் சுமந்துகொண்டு போவது ஒழுங்கா?' கடைசியில் லெஃப்டினன்ட் ஆக்கி, பழைய தேதி போட்டுக் கொடுத்தார்கள். தேதி போடும்போது சிவசம்புவின் கை கொஞ்சம் பின்னால் போய்விட்டது. சபுரோ ஹிராயைவிடப் பதினோரு நாள் மூத்தவர் ஆகிவிட்டார்.

பட்டம் சூட்டும் நாளில் திடலில் எல்லோரையும் வெயிலில் நிறுத்தி ஒகுமுரா பேசினார். சிவசம்பு தமிழில் சொன்னார்.

"இந்த லெஃப்டினன்ட் எதிரியிடம் பிறந்தவர். தன் தவறை உணர்ந்து நம்மிடம் வந்துவிட்டார். இவர் லீவு கேட்டதில்லை. வீட்டை நினைத்து அழுததில்லை. மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நான் சொல்வதை ஒருநாளும் மறுத்ததில்லை. இப்படி ஓர் அதிகாரியை நான் இதுவரை கண்டதில்லை. நீங்கள் எல்லோரும் ஏன் இவரைப் போல் இல்லை என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்."

எல்லோரும் பெட்டியைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். யூஜின் குனிந்தபோது துணிப்பட்டை நழுவியது. பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி பியாட்ரிஸ் கேட்டாள்: "என்னங்க, அந்தப் பெட்டிக்கு இன்னிக்கு என்ன உத்தியோகம்?"

"லெஃப்டினன்ட். அரிசிப் பங்கீடு வேற உண்டு."

"அலமாக்! பதினோரு வருஷம் மழைய எழுதுனீங்களே, உங்களுக்கு ஒருத்தன் ஒரு பென்சில் கூட்டிக் கொடுத்தானா? அது அரிசிய என்ன பண்ணும்?"

"சிவசம்பு சார் பத்திரமா வச்சிருக்காராம்."

"பத்திரமாத்தான் இருக்கும். அவங்க வீட்டுப் பக்கம் போனா சோறு வேகுற வாசன வருது லா. நாம கெழங்கு திங்கிறோம்."

பதவியோடு சிக்கலும் வந்தது. மூத்த அதிகாரியை இளைய அதிகாரி தொட்டுத் திருத்தக்கூடாது. ஆகவே புதிய முறை. ஊசி இறங்கினால் யூஜின் துணை விமானியிடம் சொல்ல வேண்டும். துணை விமானி அதை எழுதி ஹிராயிடம் நீட்ட வேண்டும். ஹிராய் பணிவான ஒரு விண்ணப்பம் எழுதிப் பெட்டியின்மேல் வைத்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

"பதில் வராட்டி சார்?" என்று யூஜின் கேட்டார்.

"வராட்டி அவர் யோசிக்கிறார் எண்டு அர்த்தம்," என்றார் சிவசம்பு.

சிவசம்பு சும்மா இருக்கக்கூடியவர் அல்ல. கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்ட காலம் அது. நேரம் டோக்கியோ நேரம் என்றால், உயரத்தை மட்டும் ஏன் ஜொகூர்க் கடலிலிருந்து அளக்க வேண்டும், டோக்கியோக் கடலிலிருந்துதானே அளக்க வேண்டும் என்று ஒரு சந்தேகம் எழுப்பினார். ஒகுமுரா மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். முடிவு தெரியும்வரை இரண்டு கடலிலிருந்தும் அளந்து இரண்டு கட்டத்தில் எழுதவும் என்று பதில் வந்தது. யூஜின் ஒரே எண்ணை இரண்டு தடவை எழுதினார். இரண்டும் ஒத்துப்போவதைப் பாராட்டி ஒரு கடிதமும் வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் விமானம் விழாமல் இருந்ததற்குக் காரணம் ஹிராயின் முழங்கை. காரியாலயத்திலிருந்து வேறு யாரும் ஏறுவதில்லை. ஊசி இறங்கினால் யூஜின் மெல்ல இருமுவார். ஹிராய் சோம்பல் முறிப்பதுபோல் கையை நீட்டுவார். முழங்கை தவறுதலாகத் திருகில் படும். ஊசி மேலே வரும். யூஜின் ஜன்னல் வழியாக மேகம் பார்ப்பார். துணை விமானி பென்சிலைத் தேடுவார். படிவத்தில் 'உயரப் பிறழ்வு: இல்லை' என்று எழுதப்படும்.

அப்படி அறுபது படிவம் போயிற்று. அறுபது பயணத்தில் ஓர் அடிகூடப் பிறழாத லெஃப்டினன்ட்டைப் பார்க்க, பதக்கத்தோடு ஷோனானிலிருந்து ஒரு கர்னல் கிளம்பி வந்தார்.

கர்னல் கனமானவர். பதக்கத்தைப் பெட்டியின் நெம்பில் தொங்கவிட்டார். மெர்சிங் கடற்கரைவரை போய்த் திரும்பலாம், லெஃப்டினன்ட் சபுரோ ஓட்டுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். விமானிகளுக்கு நேர் பின்னால் கர்னலுக்கு ஒரு பிரம்பு நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ஒகுமுரா. யூஜினின் தோட்டாப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார்கள். சிவசம்பு தரையில் நின்று சல்யூட் அடித்தார். அவர் ஒருநாளும் ஏறியதில்லை. காரியாலயத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா?

ஐயாயிரம் அடியில் ஹிராய் நெம்பைத் தள்ளிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கீழே முழுக்க வெள்ளை மேகம். சற்று நேரத்தில் ஊசி அசைந்தது. நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.

யூஜின் இருமினார். ஹிராயின் முழங்கை துடித்தது. பின்னால் கர்னலின் மூச்சு கேட்டது. முழங்கை மடியிலேயே இருந்தது.

நாலாயிரத்து அறுநூறு. யூஜின் முறைப்படி துணை விமானியிடம் சொன்னார். துணை விமானி எழுதினான். ஹிராய் விண்ணப்பம் எழுதிப் பெட்டியின்மேல் வைத்தார். பெட்டி யோசித்தது.

நாலாயிரம். இந்தத் தடத்தில் பெலுமுட் மலை இருப்பது குளுவாங்கில் எல்லோருக்கும் தெரியும். அது மூவாயிரத்து முந்நூறு அடி. யூஜின் ஜெபமாலையைச் சட்டைப் பையில் திணித்தார். அவர் திரும்பி ஒகுமுராவிடமே சொன்னார்: "துவான், தூருன்! இறங்குது துவான்!"

ஒகுமுரா கர்னலைப் பார்த்தார். கர்னல் முன்னால் குனிந்து ஊசியைப் பார்த்தார்.

"ஆமாம், இறங்குகிறார்," என்றார். "பதக்கம் பெற்ற ஓர் அதிகாரி இறங்குகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது."

"எதிரியைப் பார்த்திருப்பார்," என்றார் ஒகுமுரா.

"நமக்குத் தெரியவில்லையே."

"நமக்குத் தெரியாததைப் பார்ப்பதால்தானே அவருக்குப் பதக்கம்."

மூவாயிரத்து இருநூறு. மேகம் விலகியது. முன் கண்ணாடி முழுக்கப் பச்சை. இலை இலையாகத் தெரிந்தது.

யூஜின் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அவருக்குப் படிவம்தான் ஞாபகம் வந்திருக்கும். "மாதாவே!" என்று கத்திக்கொண்டு கர்னலின் முழங்காலுக்கு மேலாகப் பாய்ந்து நெம்பைப் பிடித்து இழுத்தார். பதக்கம் தெறித்து எங்கோ விழுந்தது. சபுரோ பொறுப்பிலிருந்து நீங்கிய அந்தக் கணத்தில் விமானத்தில் மூத்த விமானி ஹிராய்தான். அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல் இரண்டு கையாலும் சுக்கானைத் தன் வயிற்றுக்கு இழுத்தார். எஞ்சின்கள் அலறின. அடியில் கிளைகள் முறிகிற சத்தம் சடசடவென்று ஓடி ஓய்ந்தது. கர்னல் நாற்காலியோடு பின்னால் உருண்டு போனார். பிறகு வானம் மறுபடி நீலமாக இருந்தது.

திடலில் இறங்கி எஞ்சினை நிறுத்தியதும் ஹிராய் யூஜினைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, உதடு மட்டும் அசைய, "தெரிமா காசே," என்று நன்றி சொன்னார்.

விசாரணை மறுநாள் காலை. சக்கரத்தில் மாட்டிக்கொண்டு வந்த ஒரு கிளை, இலைகளோடு மேசைமேல் சான்றாக இருந்தது. கர்னலின் நெற்றியில் பிளாஸ்திரி. அவர் எழுந்து பேசினார்.

"சபுரோவுக்கு உயர்வு தந்த உத்தரவில் என் கையெழுத்து இருக்கிறது. நான் தவறாகக் கையெழுத்திடுவதில்லை. ஆகவே சபுரோ தவறு செய்யவில்லை. ஆகவே விமானம் கடைசிவரை ஐயாயிரம் அடியில்தான் இருந்தது. ஐயாயிரம் அடியில் மரம் இருந்தது என்றால் அதற்கு மலைதான் விளக்கம் சொல்ல வேண்டும்."

மலையின் உயரம் எந்த வரைபடத்தில் இருக்கிறது என்று பார்த்தார்கள். பிரிட்டிஷ்காரன் போட்ட வரைபடம். எதிரி அளந்த மலை. அது போதுமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை முதல் பெலுமுட்டின் உயரம் இரண்டாயிரம் அடி என்று உத்தரவாயிற்று. அதற்கு மேலே இருக்கும் பகுதி அனுமதியில்லாதது.

பிறகு யூஜினின் வழக்கு. பிறழ்வே நடக்கவில்லை என்றால் நெம்பை இழுக்கக் காரணமும் இல்லை. காரணமில்லாமல் ஒரு கூலியாள், கடமையில் இருந்த அதிகாரிமேல் கை வைத்திருக்கிறான். ஒகுமுரா 'சயாம்' என்று சொன்னார். யூஜினின் கையிலிருந்து துணிப்பட்டையை ஒரு சிப்பாய் அவிழ்த்தான். பியாட்ரிஸிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்று மட்டும் யூஜினுக்கு யோசனை ஓடியது.

அப்போது மூலையிலிருந்து சிவசம்பு தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கவேணும். அதிகாரியைத் தாக்கின வழக்கு எண்டால், தாக்கப்பட்ட அதிகாரி தன்ர கையாலை முறைப்பாடு எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். விதி முப்பத்தொண்டு. காரியாலயத்தின்ர சொந்த விதி." அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

"நான் கையெழுத்துப் போடுகிறேன்," என்றார் ஒகுமுரா.

"தாக்கப்பட்டது நீங்கள் இல்லையே துவான். இன்னொரு அதிகாரிக்காகக் கையெழுத்து வைக்கிறது போர்ஜரி. விதி முப்பத்திரண்டு."

அது வெறும் பெட்டி, அதற்குக் கையில்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், யூஜின் அன்றைக்கே சயாம் போயிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால், ஒரு பெட்டிக்குப் பதவி கொடுத்து, அதற்குக் குனிந்து வணங்கி, பதக்கமும் போட்டவர்கள் யார் என்ற கேள்வி வரும். கர்னல் ஒகுமுராவைப் பார்த்தார். ஒகுமுரா கிளையைப் பார்த்தார்.

"லெஃப்டினன்ட் சபுரோ அதிர்ச்சியில் இருக்கிறார்," என்றார் கர்னல் கடைசியில். "தேறியதும் கையெழுத்திடுவார்."

கோப்பையும் ஒரு பேனாவையும் பெட்டியின் பக்கத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒகுமுரா போய்ப் பார்த்துவிட்டு வந்து, முறைப்பாட்டுக்காரர் இன்னும் தேறவில்லை என்று எழுதிவைத்தார். வழக்கு நிலுவையில் உள்ளவனை வேலையிலிருந்தும் நீக்க முடியாது, ஊரை விட்டு அனுப்பவும் முடியாது. யூஜினுக்குத் துணிப்பட்டை திரும்பி வந்தது.

அவர் சிவசம்புவின் மேசைமுன் போய் நின்றார். "சார், நீங்க மட்டும் இல்லாட்டி..."

"உம்மைக் காப்பாத்தினன் எண்டு ஊரிலை சொல்லித் திரியாதையும்," என்றார் சிவசம்பு, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் விதியைத்தான் சொன்னனான்." கொஞ்சம் பொறுத்து, மேசைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இதைக் கொண்டுபோம். சபுரோவுக்கு இந்தக் கிழமை பசியில்லையாம்."

உள்ளே அரிசி இருந்தது. பியாட்ரிஸ் அன்று கஞ்சி வைக்கவில்லை, சோறாகவே வடித்தாள்.

சபுரோ தேறவேயில்லை. அதற்குள் டோக்கியோ சரணடைந்துவிட்டது. ஹிராயை மற்றக் கைதிகளோடு லாரியில் ஏற்றினார்கள். யூஜின் ரோட்டோரம் நின்று கையைத் தூக்கினார், ஹிராய் முழங்கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். லூயிஸ் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, மூன்று வாரம் யாரோடும் பேசாமல் கிடந்து, பிறகு மீன் குழம்பு கேட்டான்.

அக்டோபரில் விமானத் திடலுக்கு வரச்சொல்லி யூஜினுக்கு ஆள் வந்தது. அதே தகரக் கூரை. வெளியே புதுப் பெயர்ப்பலகை. உள்ளே அதே ஆணியில் பழைய மன்னர். அதன் கீழே சிவசம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். எதிரே இளம் பிரிட்டிஷ் கேப்டன் ஒருவன், மேசைமேல் காலை நீட்டிக்கொண்டு, சபுரோவின் கோப்பைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு மெஷினுக்கு லெஃப்டினன்ட் பதவி! இந்த மாதிரிக் கூத்து எங்களிடம் நடக்காது," என்றான். "உன்னைப் போன்ற ஆள்தான் எங்களுக்கு வேண்டும். அந்த விமானத்தை மறுபடி பறக்கவிடப் போகிறோம். ஊசி இறங்கினால் நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

யூஜினுக்கு மனம் இளகியது. முதல் மாதம் ஞாபகம் வந்தது. தோளைத் தட்டினால் போதுமே.

"விமானி தோள நேரா தட்டலாமா சார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கேப்டன் சிரிப்பை நிறுத்தினான். காலைக் கீழே இறக்கினான். மேசையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தான்.

"நீ தற்காலிக ஊழியன், நாலாம் வகுப்பு. நாலாம் வகுப்பு ஊழியர் அதிகாரியிடம் நேரடியாகப் பேசக்கூடாது. எதுவானாலும் தலைமைக் குமாஸ்தா மூலமாகத்தான் சொல்ல வேண்டும்."

யூஜின் சிவசம்புவைப் பார்த்தார். "சார், நீங்க விமானத்துல வருவீங்களா?"

"நான் ஏன் ஐசே வாறன்?" என்றார் சிவசம்பு. "நான் இங்கைதான் இருப்பன். நீர் இறங்கினாப் பிறகு வந்து சொல்லும்."

பியாட்ரிஸின் அக்கா கெர்ட்ரூடுக்குப் பெக்கான் நானாஸில் இரண்டு ஏக்கர் அன்னாசித் தோட்டம் இருந்தது. யூஜின் அந்த வாரமே சட்டிபானையோடு பஸ் ஏறினார். அன்னாசி இடுப்புக்கு மேலே வளர்வதில்லை. எவ்வளவு உயரம் என்று அவரை அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் குனிந்து பார்த்து அவரே நேராகச் சொல்லியிருப்பார்.